பதினோராவது அடி

சேந்தமங்கலத்திலிருந்து வரும் ஏழரை மணி பஸ்ஸில் கேட்டதாகச் சொல்லி அந்தச் சேதியைக் கொண்டுவந்தவள் செல்லியம்மாள். லேப்பைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். அவளுக்கு முன் சீட்டில் இரண்டு கோழிப்பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர் இன்னொருவரிடம் சொன்னாராம்: "திருச்செங்கோடு ரோட்டுல ஒரு டெஸ்டிங் லேப் இருக்குதுங்க. அங்க ஒரு அம்மிணி இருக்குது. அது கையில எத்தன ஆயிரம் வோல்ட் அடிச்சாலும் பெட்டி சாகாது. அதே பெட்டிய வேற ஆளு அடிச்சாச் செத்துப்போயிருது. கைராசின்னா அப்பிடி ஒரு கைராசிங்க."

"உன்னையத்தான் சாமி சொல்றாங்க," என்றாள் செல்லியம்மாள், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தபடி. "எந்திரிச்சு நின்னு, அது எங்க லேப்புங்கன்னு சொல்லிப்போடலாம்னு வந்துச்சு. அதுக்குள்ள ஸ்டாப்பு வந்துருச்சு."

கோகிலவாணி சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவளிடம் வந்து சேர்வதற்கு நான்கு நாள் பிந்திவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவள் கையிலும் பெட்டிகள் செத்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரம் வெட்டியவர். கணவன் குழந்தைவேல் இன்னொரு பட்டறையில் பெயின்ட் அடிக்கிறான். திருச்செங்கோட்டில் டிப்ளமோ முடித்த கையோடு நாமக்கல்லில் முருகானந்தம் சாரின் லேப்பில் சேர்ந்தவள், பன்னிரண்டு வருடமாக அதே மேசையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் உண்மையாகவே நிற்கிறாள். அவள் வேலையில் நாற்காலி கிடையாது.

வேலை இதுதான். மாசி பிறந்து காற்றில் ஈரம் வற்றியதும், ரப்பர் செருப்போடு கோழி ஷெட்டின் நீளத்துக்கும் நடந்து வருகிற ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும், ஃபேன்களை ஓட்டும் கன்ட்ரோல் பெட்டியைத் தொடுவார். விரல் நுனியில் சுளீரென்று ஒரு பொறி. அவருக்கு அது கையை உதறிக்கொள்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். பெட்டிக்கு அப்படியில்லை. தான் எங்கே இருக்கிறோம், என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே அதற்கு மறந்துபோகும். ஃபேன்கள் நின்றுவிடும். அடைத்த ஷெட்டில், அந்த வெயிலில், ஃபேன் நின்றால் அரைமணி நேரத்தில் கோழிகள் வாயைப் பிளந்து விழத் தொடங்கும். அதனால் பெட்டி பண்ணைக்குப் போகும் முன் கோகிலவாணியிடம் வரும். கன் என்று அவர்கள் சொல்லும் கருவியைப் பெட்டியின் உலோக விளிம்பில் வைத்து அவள் அதே பொறியை வேண்டுமென்றே அடிப்பாள். பிளஸ் மின்சாரத்தில் பத்து அடி, திருப்பி மைனஸில் பத்து அடி. நொடிக்கு ஓர் அடி.

அடிப்பது யாருக்கும் வரும். இன்றைக்கு அடித்தாலும் நாளைக்கு அடித்தாலும், நான் அடித்தாலும் நீ அடித்தாலும், ஒரே பெட்டி ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அங்கேதான் பிராணன் போகும். மழை நாளில் ஒரு பதில், வெயில் நாளில் ஒரு பதில். கன்னின் ஒயர் மேசையை உரசிக்கொண்டு கிடந்தால் ஒன்று, தள்ளிக் கிடந்தால் இன்னொன்று. இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டியவர்கள் இரண்டு பேர். கோகிலவாணி ஒருத்தி. மற்றவள் கௌசியா.

கௌசியா சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவள். கோகிலவாணியைவிட நான்கு மாதம் இளையவள், நாக்கு மட்டும் நாற்பது வயது மூத்தது. ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தரையில் சிவப்பு டேப் ஒட்டியது அவள். கன் கோணலாகப் படக்கூடாது என்று ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் ஒரு மூலையை வெட்டி, அதை வைத்துத்தான் நேராகப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் அவள்தான்.

"அட்டையில நெய் வாசன வருதுடி கௌசி."

"வரட்டும். மோந்து பாத்துக்கிட்டே அடி. கோணாம அடி."

ஒருத்தி அடிப்பாள், மற்றவள் எண்ணுவாள். கௌசியா எண்ணினால் கடிகாரம் வேண்டாம். 'ஒண்ணு… ரெண்டு…' என்று கொஞ்சம் இழுத்து, கடைசியில் நறுக்கென்று வெட்டுவாள். ஒருநாள் முருகானந்தம் சார் பின்னால் நின்று ஸ்டாப்வாட்சில் பார்த்தார். இருபது அடி, இருபது நொடி. அப்புறம் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வார்கள். அதே பெட்டி, அதே கன். இரண்டு வருடம், இரண்டு கையிலும் ஒரே பதில் வந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அவள் வாழ்க்கையில் அதைப்போல நிம்மதியான இரண்டு வருடம் வேறு எதுவும் இல்லை என்று கோகிலவாணிக்குத் தோன்றும். கல்யாணமான வருடத்தைக்கூட அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. குழந்தைவேலிடம் இதைச் சொன்னதில்லை.

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு பங்குனியில், இரண்டு கையும் பிரிந்தன.

தனபால் என்பவர் பண்ணைப் பெட்டி தயாரிப்பவர். அவருடைய புதுப் பெட்டி கோகிலவாணி அடித்தபோது தேறியது. கௌசியா அடித்தபோது செத்தது. மறுநாள் மறுபடி அடித்தார்கள். மறுபடி அப்படியே. அடுத்த வாரம் வேறொருவர் பெட்டி, அதுவும் அப்படியே. கௌசியா நோட்டில் எழுதிவைத்தாள்: 'எப்பவும் பதினோராவது அடியில. பிளஸ் பத்தும் தாங்குது, மைனஸ் மொத அடியில சாகுது. ரெண்டு பின் வச்ச பெட்டி மட்டும்.'

"எர்த் பின் இல்லாத பெட்டி மட்டும்தான் சாகுது, கோகி. அப்ப அடிச்ச கரன்ட்டு பெட்டிக்குள்ளயே தங்குது. வடிய மாட்டேங்குது. வடிகால் ஒயரப் பாரு."

வடிகால் ஒயர் என்பது பெட்டிக்கும் தரையில் விரித்திருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே போகிற ஒரு சின்ன ஒயர். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பெட்டியில் மிஞ்சி நிற்பதை மெல்ல இறக்கிவிடுவது அதன் வேலை. இரண்டு முனையிலும் ரப்பர் உறைக்குள், மின்சாரத்தைத் தடுத்து மெல்ல விடும் ஒரு ரெஸிஸ்டர் ஒளிந்திருக்கும். கன் வருடத்துக்கு ஒருமுறை பெட்டியில் மெத்தை வைத்துப் பெங்களூருக்குப் பரிசோதனைக்குப் போய் வரும். இந்த ஒயர் எங்கேயும் போனதில்லை. அதை யார் கேட்டார்கள்?

கோகிலவாணி மின்தடை அளக்கும் மல்ட்டிமீட்டரை எடுத்தாள். அதன் இரண்டு முள்ளையும் ஒயரின் இரண்டு முனையில் வைத்து, நழுவாமல் விரலால் அழுத்திப் பிடித்தாள். ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஓம்ஸ் காட்டியது. இருக்க வேண்டியதும் அதுதான்.

"ஒயர் நல்லாத்தான் இருக்குது."

"இன்னொரு தடவ பாரு."

"நம்பிக்கை இல்லீன்னா நீயே பாரு," என்றாள் கோகிலவாணி. குரல் அவள் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கௌசியா மீட்டரை வாங்கவில்லை.

அதற்குள் தனபால் ஆபீசில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேச்சைக் கிளப்பிவிட்டார். "ஏனுங்க சார், மெஷினே ஆனாலும் கைராசின்னு ஒண்ணு இருக்குதுங்க. எங்க பண்ணையில ஒரே மருந்து, ஒரு ஆளு ஊசி போட்டாக் கோழி நிக்குது, இன்னொரு ஆளு போட்டா உழுகுது. என்ற பெட்டிய அந்தக் கோகிலா அம்மிணியே அடிக்கட்டுங்க."

முருகானந்தம் சார் கோகிலவாணியைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் ஒரே வரியில் பதில் வேண்டும் அவருக்கு. "பெட்டியா, கையா? ஒண்ணு சொல்லும்மா. ரிஜிஸ்டர்ல எழுதணும்."

அந்த ஒரு நொடியைக் கோகிலவாணி பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மீட்டர் சொன்ன எண் மனதில் இருந்தது. வாசலில் தனபால் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிய விதமும் இருந்தது. கைராசிக்காரி என்று யாரும் அதுவரை அவளைச் சொன்னதில்லை.

"கைதான் சார். மைனசுக்கு மாத்தறப்ப அவ கை லேசா நடுங்குது."

ரிஜிஸ்டரில் 'கைப்பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பின் பெட்டிகள் எல்லாம் அவளுக்கு மட்டும் வந்தன. கௌசியாவுக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை. இரண்டு மாதம் அடித்தாள். மூன்றாவது மாதம் கல்யாணம், ஷார்ஜா. கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் நின்று, சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரே பெட்டி, ஒரே கன், ரெண்டு பதில். தப்பு என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்லடி. நாம பாக்காத எதுலயோ இருக்கு. நீ பாக்க மாட்டேன்னுட்டே." பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

இந்த வருடம் பங்குனியில் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர், லேப் வாசலில் வரிசையாகக் கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். உள்ளே வெறுங்காலோடு தரைத் தகட்டின் மேல் நின்றிருந்த கோகிலவாணியையும் பார்த்தார். தூசி வரக்கூடாது என்பது முருகானந்தம் சாரின் பழைய கட்டளை. செருப்போடு உள்ளே போவது சாமி ரூமுக்குள் செருப்போடு போகிற மாதிரி என்பது செல்லியம்மாளின் கட்டளை. ஆய்வாளர் இரண்டையும் கேட்டுவிட்டு, பாதுகாப்புக்கு ஷூ கட்டாயம் என்று எழுதிப்போனார். திங்கட்கிழமை கனமான ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ வந்தது.

அன்றைக்கே அவள் கையில் முதல் பெட்டி செத்தது. பதினோராவது அடியில்.

அவள் முதலில் பெட்டியைச் சந்தேகித்தாள். பிறகு காற்றை. ஈரமானியைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. செவ்வாய் இரண்டு, புதன் ஒன்று, வியாழன் இரண்டு. தனபால் போனில் கேட்டார்: "என்ன அம்மிணி, கைராசிக்குக் கண்ணு பட்டுப்போச்சாட்டம் இருக்குது? மொளகா சுத்திப் போடச் சொல்லட்டுங்களா?"

செல்லியம்மாள் அந்த வதந்தியைக் கொண்டுவந்த வெள்ளிக்கிழமை, கோகிலவாணி பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். கௌசியாவின் சாய்ந்த எழுத்து. 'எப்பவும் பதினோராவது அடியில.' அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, லேப்பில் வேறு யாரும் இல்லை. தனபாலின் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். ஷூவோடு அடித்தாள். பதினொன்றில் செத்தது. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு அடித்தாள். இருபதும் தாங்கியது. மறுபடி ஷூ, மறுபடி வெறுங்கால். பத்து தடவை மாற்றி மாற்றி. ஒருமுறைகூடப் பிசகவில்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான முடிவை அவள் பார்த்ததில்லை.

அப்போதுதான் தன் இடதுகை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பெட்டி நகராமல் இருக்க, அடிக்கும் அடிக்கும் நடுவே அந்தக் கை தானாகப் போய் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக உள்ளங்கையில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அதை அவள் கவனித்திருந்தாள், ஏன் என்று கேட்டதில்லை. வெறுங்கால், உலோகத் தரை, பெட்டியைத் தொட்ட கை. பெட்டியில் தங்கியதெல்லாம் அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது. இறங்காமல் நின்றால் மைனசுக்குத் திருப்பிய முதல் அடி இரண்டு மடங்காக விழும். கௌசியாவோ, சோதனை விதிப் புத்தகத்தில் உள்ளபடி பெட்டியைத் தொடாமல் அடித்தாள். அதனால்தான் செத்தது.

வெறுங்காலோடு நின்று, இடதுகையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அடித்தாள். பதினொன்றில் செத்தது.

"அப்ப ஒயரு," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆருகிட்ட பேசறே கண்ணு?" என்று கேட்டபடி செல்லியம்மாள் வாளியோடு எட்டிப் பார்த்தாள்.

கோகிலவாணி மீட்டரின் முட்களைப் பல் கிளிப்பால் ஒயரில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். மீட்டர் எதுவும் காட்டவில்லை. ஒயர் அறுந்திருக்கிறது. கிளிப்பைக் கழற்றிவிட்டு, அன்றைக்குப் பிடித்த மாதிரியே முட்களை விரலால் அழுத்திப் பிடித்தாள். எண்கள் ஓடி வந்து நின்றன. ஒன்பது லட்சத்துச் சொச்சம். ஒயரை மேசையில் போட்டுவிட்டு வெறும் முட்களை மட்டும் இரண்டு கையிலும் பிடித்தாள். அப்போதும் ஒன்பது லட்சத்துச் சொச்சம். அன்றைக்கு மீட்டர் அளந்தது ஒயரை அல்ல. அவளையே அளந்திருக்கிறது.

ரப்பர் உறையைப் பிளேடால் கீறினாள். உள்ளே ரெஸிஸ்டரின் கால் ஒன்று முறிந்து, மயிரிழை இடைவெளியில் நின்றது.

புது ரெஸிஸ்டர் வைத்துப் பற்றவைத்தாள். ஷூவைப் போட்டுக்கொண்டு, கையை எடுத்துக்கொண்டு அடித்தாள். இருபதும் தாங்கியது. பிறகு செல்லியம்மாளைக் கூப்பிட்டு, கன்னைக் கையில் கொடுத்து, நெய் வாசனை போய் வெகுகாலமான அந்த அட்டையைக் காட்டினாள்.

"அய்யோ, எனக்கு எதுக்கு சாமி இதெல்லாம்? கரன்ட்டு அடிச்சுப்போடும்."

"ஒண்ணும் ஆகாது. நான் எண்ணறேன், நீங்க அமுக்குங்க."

செல்லியம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினாள். கோகிலவாணி எண்ணினாள். அவள் எண்ணியது ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போயிற்று. கௌசியா இருந்தால் தலையில் தட்டியிருப்பாள். பதினொன்று. பெட்டியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இருபது.

"என்ற கைக்கும் ராசி வந்துருச்சாட்ட?" என்று கண்ணைத் திறந்தாள் செல்லியம்மாள்.

"ஆர் கைக்கும் ராசி வேண்டியதில்லீங்க," என்றாள் கோகிலவாணி. செல்லியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை முருகானந்தம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய ரிஜிஸ்டரை அவரே எடுத்துக் கொடுத்தார். 'கைப்பிழை' என்பதை ஒற்றைக் கோடாக அடித்து, பக்கத்தில் 'ஒயர் பிழை. கௌசியா சொன்னது சரி' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். ஆனால் கௌசியாவின் பழைய எண் எப்போதோ செத்துப்போயிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ் ஏறினாள். கௌசியாவின் அம்மா அஜீஸுன்னிசா அவளைப் பார்த்ததும் கதவை மூடவில்லை, 'உள்ளே வா' என்றும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "வெயில்ல நிக்காத, வா," என்றார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, கோகிலவாணி தான் கண்டுபிடித்ததைச் சொன்னாள். ரெஸிஸ்டர், மீட்டர் எல்லாம் அந்த அம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. கேட்டு முடித்ததும் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"நீ இத நாலு வருசத்துக்கு முந்தி சொல்லியிருக்கணும்மா."

"ஆமாங்கம்மா."

"அங்க ஒரு கம்பெனியில அவளுக்கு இதே வேல இருந்துச்சு. மாப்புள கூட்டிக்கிட்டுப் போனாரு. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டா. என் கை நடுங்கும், என்னால முடியாதுன்னுட்டா. ஊசியில நூல் கோக்கக்கூட அவர கூப்பிடுறா. சின்னதுல இங்க உக்காந்து மல்லிகை மொட்டு ஒண்ணுகூடச் சாயாம கட்டுவா எம்புள்ள. அந்தக் கைய நடுங்குதுன்னு போகப் போக அவளே நம்பிட்டாளே."

கௌசியா தன்மேல் கோபமாக இருப்பாள் என்று நான்கு வருடமாக நினைத்திருந்தாள் கோகிலவாணி. கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தைரியத்தில்தான் பஸ் ஏறினாள். தன் சொல்லைக் கௌசியா நம்பியிருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"நம்பர் தர்றேன்," என்றார் அஜீஸுன்னிசா. "எடுப்பாளான்னு தெரியாது. தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டா. உன் பேரு தெரிஞ்சாலும்…" என்று நிறுத்திக்கொண்டு, ஒரு நோட்டுத் தாளைக் கிழித்துப் பெரிய பெரிய எழுத்தில் எண்ணை எழுதினார்.

படத்தை மட்டும் அனுப்பிவிடலாமா என்று பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே வந்தாள். ஒரு கோடு, ஒரு கையெழுத்து. அதைப் பார்த்தால் புரிந்துவிடும். ஆனால் 'கை நடுங்குது' என்பதை அவள் வாயால் சொன்னாள். 'நடுங்கவில்லை' என்பதையும் வாயால் சொல்ல வேண்டும்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஷார்ஜாவில் இப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினாள், தாளோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்தாள், பச்சையைத் தொட்டாள்.

கொஞ்சநேரம் வெறும் காற்று. பிறகு தூரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

எடுத்ததும் என்ன சொல்வது என்று சீட்டில் உட்கார்ந்ததிலிருந்து ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒண்ணு… ரெண்டு… கொஞ்சம் இழுத்து, கடைசியில் நறுக்கென்று. அவளுக்கு ஒருநாளும் வராத அந்த எண்ணிக்கை இன்றைக்கு எங்கிருந்தோ சரியாக வந்தது. ஏழு. எட்டு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒன்பது. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்து.

கைப்பேசியைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினொண்ணு தாண்டியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.